கார்ட்டூன், மத உணர்வு, பிரிவு 299: வட சென்னையில் படம் போடுகிறவர்களுக்கு

ஒரு கார்ட்டூனைப் பார்த்து யாருக்கோ மனம் புண்பட்டது என்பது மட்டும் இந்தியாவில் குற்றம் ஆகாது. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் தெருப் பத்திரிகை நடத்துகிறவர்களிடமும், இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்துப் படம் போடுகிற பிள்ளைகளிடமும் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், அப்படியானால் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டுமே தப்பு. நம்ம பக்கத்தில் கோயில் நிலம், வக்பு சொத்து, சர்ச் பள்ளிக் கட்டணம் என்று எதைத் தொட்டாலும் மதம் கூடவே வந்துவிடும். அதற்குப் பயந்து எதையும் வரையாமல் விடுவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. ஆனால் வரைகிறவர் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும், குறி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சட்டம் எதைக் கேட்கிறது

பழைய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகிவிட்டது. ஒரு பிரிவு மக்களின் மத உணர்வைக் கொதிக்கவைக்க வேண்டும் என்று திட்டமிட்டு, கெட்ட நோக்கத்தோடு, அவர்களுடைய மதத்தையோ நம்பிக்கையையோ இழிவுபடுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பேச்சு, எழுத்து, சைகை, கண்ணால் பார்க்கும் உருவம் எல்லாம் இதில் அடங்கும். புதிய சட்டம் மின்னணு வழியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனவே அச்சில் வந்த கார்ட்டூன், மீம், ஒரு நாளில் மறைந்துபோகும் ஸ்டோரி எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் தருவது நீதிமன்றத்தின் கையில்.

இந்தப் பிரிவு பிறந்தது 1927-இல். நபிகளைப் பற்றி இழிவாக எழுதப்பட்ட ஒரு சிறு நூலை லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் வெளியிட்டார். அப்போது கையில் இருந்த 153ஏ, சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைத்தான் தண்டித்தது. மறைந்த ஒரு மதத் தலைவரைத் தாக்கி எழுதுவது அதற்குள் வராது என்று லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது, அரசு 295ஏ-வைக் கொண்டுவந்தது. 1929-இல் ராஜ்பால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கோபத்தைத் தணிக்க வந்த சட்டம் அவர் உயிரைக் காப்பாற்றவில்லை.

பிரிவு செல்லுமா என்ற கேள்வி 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் செல்லும் என்றார்கள். ஆனால் அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தெரியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்த அவமதிப்பை இந்தப் பிரிவு தொடவில்லை, திட்டமிட்ட கடுமையான அவமதிப்பை மட்டுமே தண்டிக்கிறது, அதனால்தான் பொது ஒழுங்கோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றார்கள். அறுபது ஆண்டு கழித்து ஒரு படத்துக்கே அந்த அளவுகோல் பயன்பட்டது. கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணுவாக வரைந்து, கைகளில் விளம்பரப் பொருட்களைக் கொடுத்து, ஒரு வணிக இதழ் 2013-இல் அட்டையில் போட்டது. அவர் மீதான வழக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் அதேதான்: கெட்ட நோக்கம் இல்லை.

'பொது ஒழுங்கு' என்பது நம்ம ஊர் வழியாக வந்தது. 1950-இல் சென்னை மாநில அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழுக்குத் தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டு வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் 1951-இல் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு வரம்பு போடும் அரசியலமைப்பின் 19(2)-இல் பொது ஒழுங்கு ஒரு காரணமாக நுழைந்தது. 19(2)-இன் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத் தூண்டுதல் எல்லாம் இருக்கும். மத உணர்வு என்று தனியாக எதுவும் இருக்காது.

அதே நேரம், கும்பல் கூடி மிரட்டினாலே பொது ஒழுங்கு கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போன்ற நெருக்கம் வேண்டும். ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது.

299-ஐத் தவிர இன்னும் சில எண்கள் வரும். 196 (பழைய 153ஏ) சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவது. இதற்குக் குறைந்தது இரண்டு சமூகங்கள் படத்தில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று 1997-இல் பிலால் அகமது காலூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மதத்தின் நிர்வாகத்தை மட்டும் விமர்சிக்கும் கார்ட்டூனில் இதைப் போட்டால் உங்கள் வக்கீல் முதலில் எடுக்க வேண்டிய வாதம் இது. 298 என்பது வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவது. வரைவது இதில் வராது. ஆனால் சாமி காலண்டரைக் கிழித்து, அதை வீடியோ எடுத்துப் போட்டால் வரலாம்.

புண்படுவது யார்

தமிழ்நாட்டில் கார்ட்டூனுக்காக வெடித்த பெரிய விவகாரங்களைப் பாருங்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளிலேயே வெளியே வந்தார். பிறகு வழக்குப் போட்டு, 1994-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1000 ரூபாய் இழப்பீடு வென்றார். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றிய படத்துக்காக கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு காட்டிய படத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்தால் தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்றிலும் புண்பட்டது மதமல்ல, அதிகாரம். மதப் பிரிவுகளில் வழக்கு வரும் இடங்களிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். படத்தில் கடவுள் இருக்கிறாரா, கடவுளின் பின்னால் ஒளிந்துகொண்ட மனிதர் இருக்கிறாரா? பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பாலா வழக்கில் கற்றுக்கொள்ள ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் அவதூறுப் பிரிவான 501-ஐ மட்டும் வைத்து பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாது. ஆனால் படத்தில் இருந்தவர்கள் நிர்வாணமாக வரையப்பட்டிருந்தார்கள். அதனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இணைய ஆபாசத்தைத் தண்டிக்கும் 67-ஐச் சேர்க்க வழி கிடைத்தது, கைதும் நடந்தது. மறுநாளே ஜாமீன் வந்தது. நிர்வாணம் என்பதாலேயே ஆபாசம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஓவியர் எம்.எஃப்.உசேன் மீதான வழக்குகளை 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்தும் செய்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார், திரும்பவே இல்லை. தீர்ப்பு வருவதற்குள் நடப்பதுதான் உண்மையான தண்டனை. படத்தின் கருத்துக்கு நிர்வாணம் அவசியமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசியம் என்றால் வரையுங்கள், ஆனால் 67 வரும் என்று தெரிந்து வரையுங்கள்.

குறி வைப்பது

இப்போது படத்துக்கு வருகிறேன். எத்தனை பேரிடம் பார்த்தாலும் தவறு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் நடக்கிறது.

ஒரு கோயிலின் உண்டியல் பணத்தில் கை வைத்த அறங்காவலரைப் பற்றி வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கை போகிற போக்கில் வரும் முதல் வரைவு எப்படி இருக்கும்? பெரிய தொப்பை, நெற்றி நிறைய நாமம், தோளில் பூணூல், கையில் உண்டியல், பின்னால் சாமி சிரிக்கிறார். இந்தப் படத்தில் திருடன் எங்கே? தொப்பையும் நாமமும் பூணூலும் ஒரு சாதியைக் காட்டுகின்றன, ஒரு சம்பிரதாயத்தைக் காட்டுகின்றன. சிரிக்கும் சாமி திருட்டுக்கு உடந்தை ஆகிவிடுகிறார். பணத்தை எடுத்தவர் மட்டும் படத்தில் இல்லை. நீங்கள் எழுத நினைத்தது ஊழல் பற்றி, வரைந்தது சமூகம் பற்றி.

திருத்துவது கஷ்டமில்லை. அவர் கையில் சாவிக்கொத்தும் கணக்குப் புத்தகமும் கொடுங்கள். 'அறங்காவலர்' என்று சட்டைப்பையிலோ நாற்காலியிலோ எழுதுங்கள். சாமியை எடுத்துவிட்டு கோபுரக் கோடு மட்டும் வையுங்கள், அதுவும் தேவையென்றால்தான். பிறகு முக்கியமானது: ஏமாந்தவரைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை உண்டியலில் போடும் ஒரு பாட்டி. அவர் நெற்றியிலும் அதே நாமம் இருக்கட்டும். அந்த ஒரு கோட்டில் படத்தின் அர்த்தமே மாறுகிறது. நாமம் திருடனின் அடையாளமாக இல்லாமல் போகிறது; இருவருக்கும் பொதுவான நம்பிக்கையை ஒருவர் விற்றுவிட்டார் என்று ஆகிறது. வக்பு நிலத்தை விற்ற முத்தவல்லியை (வக்பு நிர்வாகியை) வரைந்தால், அந்த நிலத்தில் வாடகைக்கு இருக்கும் ஏழைக்கும் அதே தொப்பி, தாடி. பள்ளிக் கட்டணத்தில் கொள்ளையடிக்கும் நிர்வாகியை வரைந்தால், கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும் அம்மா கையிலும் ஜெபமாலை. வழக்கு என்று வந்தால், 'ஒரு பிரிவு மக்களின் மதத்தை இழிவுபடுத்தியது' என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

எழுத்தின் அளவும் சட்டப் பிரச்சினைதான். ஏ4 தாளில் வரைந்து ஏ5 அளவுக்குக் குறைத்தால் நீளமும் அகலமும் சுமார் 71 சதவீதம் ஆகும். அச்சில் 12 புள்ளி எழுத்து வேண்டுமென்றால் மூலத்தில் 17 புள்ளிக்குக் குறையாமல் எழுத வேண்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், நகலுக்கு நகல் மங்கும். 'அறங்காவலர்' என்ற எழுத்து படிக்க முடியாமல் போன நிமிடத்தில் அந்த மனிதர் சமூகமாக மாறிவிடுகிறார். தலைப்பும் விளக்கமும் படத்தின் கட்டத்துக்கு வெளியே இருந்தால் பகிர்கிறவர்கள் வெட்டிவிடுவார்கள், எனவே உள்ளேயே எழுதுங்கள். கையெழுத்தும் தேதியும் மூலையில் வேண்டாம், உருவத்தை ஒட்டி வையுங்கள். வெட்டினால் படமே கெடும்படி இருக்க வேண்டும்.

மதம் இல்லாத இடத்திலும் இதே கணக்குத்தான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் வரைந்த படம் ஒன்று என்.சி.இ.ஆர்.டி. பள்ளிப் பாடநூலில் இருந்தது. அரசியலமைப்பு ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கியிருக்கிறார். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 2012 மே மாதம் திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளப்பினார், படம் நீக்கப்பட்டது. ஆய்வுக் குழு நீக்கத்தின் பக்கம் நின்றது; குழுவில் இருந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியன் மட்டும் நீக்கக் கூடாது என்று தனியாக எழுதிக் கொடுத்தார். நேருவின் சாட்டை யார் மேல் விழும்? நத்தை மேலா, அம்பேத்கர் மேலா? இருவரும் ஒரே கோட்டில் இருப்பதால் படம் பதில் சொல்லவில்லை. 1949-இன் வாசகர் நத்தை என்று படித்திருக்கலாம். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அம்பேத்கர் சிலையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடும் ஒருவர் 2012-இல் அப்படிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நீக்கியது தப்பு என்பதுதான் என் கருத்து, பாண்டியன் சொன்னதே சரி. ஆனால் சாட்டையின் நுனியை இரண்டு அங்குலம் கீழே இறக்கியிருந்தால் இந்தச் சண்டைக்கு வேலையே இருந்திருக்காது. இப்போது அப்படி வரைகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பெரிதும் மதிக்கும் மறைந்த தலைவரை அவமதிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அதில் பொதுவாக முன்ஜாமீன் கிடையாது.

உள்ளே இருந்து, வெளியே இருந்து

சாமியைக் கிண்டல் செய்வது தமிழுக்குப் புதிதா என்று சிலர் கேட்கிறார்கள். எமன், சித்திரகுப்தன், நாரதர் ஜோக் இல்லாத வார இதழ் உண்டா? சுந்தரர் சிவனைப் 'பித்தா' என்றே பாடத் தொடங்கினார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய நேரத்தில், கோயிலை விட்டு மகிழ மரத்தில் போய் இருங்கள் என்று சிவனிடமே பேரம் பேசினார். சிவன் சங்கிலியாரின் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சாமியும் பக்தரும் ஒருவரை ஒருவர் ஏய்க்கும் இந்தக் கதையை அந்தக் கோயிலில் இன்றும் பக்தியோடுதான் சொல்கிறார்கள்.

அந்த உரிமை உறவால் வந்தது. அதே கதையை வெளியே இருப்பவர் படமாகப் போட்டால் சட்டத்தில் வித்தியாசம் இல்லை, தெருவில் இருக்கிறது. நோக்கம் என்ன என்று விசாரிக்கும்போதும் அந்த வித்தியாசம் வந்து உட்காரும். உள்ளே இருப்பவருக்குத்தான் கிண்டல் உரிமை என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒரு விதி வந்தால் பெரியாருக்கே இடமிருக்காது. அவருடைய ராமாயண விமர்சனத்தின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப்பிரதேச அரசு தடை செய்தது. 1976-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நிற்காது என்றது, ஏனென்றால் அரசு ஆணையில் காரணமே சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: வெளியே நின்று வரைகிறவருக்குக் குறி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும்.

இஸ்லாத்தில் இன்னொரு விஷயம் சேர்கிறது. நபிகளை உருவமாக வரைவதே பெரும்பாலான முஸ்லிம்களுக்கு அவமதிப்பு. படத்தில் அவர் நல்லவராகத் தெரிகிறாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. மண்ணடியில் ஒரு ஜமாத் நிர்வாகத்தை விமர்சிக்க அந்த உருவம் எந்த விதத்திலும் தேவைப்படாது. தேவைப்படாத ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கருத்துரிமை என்று நிற்பது வீண்.

டென்மார்க் கதையையும் பலர் அரைகுறையாகச் சொல்கிறார்கள். 2005 செப்டம்பர் 30-இல் 'யூலண்ட்ஸ் போஸ்டன்' நாளிதழ் நபிகள் தொடர்பான 12 படங்களை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பரவியது தலைப்பாகையில் வெடிகுண்டு வைத்த படம். தலைப்பாகை என்ற அடையாளத்தில் குண்டை வைத்தால் அதை அணியும் எல்லோர் தலையிலும் வைத்ததாகிவிடும். நாமம் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்றில், முகமது என்ற பெயருள்ள பள்ளிச் சிறுவன் கரும்பலகையில் அந்தப் பத்திரிகைக்காரர்களையே திட்டி எழுதுகிறான். அது யாருக்கும் நினைவில்லை. 2015 ஜனவரி 7-இல் பாரிஸில் 'ஷார்லி ஹெப்தோ' என்ற கிண்டல் வார இதழ் மீது நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். எந்தப் படமும் அதற்குக் காரணம் ஆக முடியாது. கொன்றவர்கள்தான் காரணம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

பிரான்சில் மத நிந்தனை குற்றமில்லை, ஆனால் மதத்தின் பெயரால் மனிதர்களை இழிவுபடுத்தினால் 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தில் வழக்கு உண்டு. டென்மார்க் படங்களை மறுபடி வெளியிட்ட வழக்கில் 2007-இல் ஷார்லி விடுதலையானதும் அந்த அடிப்படையில்தான். நம்ம சட்டம் மதத்தையும் நம்பிக்கையையுமே காக்கிறது. அங்கே நடந்ததை இங்கே எடுத்துப் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கிறார்கள். 2015-இல் ஷார்லி அட்டைப்படத்தை மறுபடி அச்சிட்ட மும்பை உருது நாளிதழ் ஆசிரியர் ஷிரின் தல்வி கைதானார், அந்தப் பதிப்பே மூடப்பட்டது.

பதிவேற்றும்போது

ஊர்வல நாட்களைப் பாருங்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் விநாயகர் சிலை கரைக்கும் நாளில், அதே ஊர்வலப் பாதையைப் பற்றிய படம் போட்டால் பொறிக்கும் பீப்பாய்க்கும் உள்ள தூரம் குறைந்துவிடும். நான்கு நாள் கழித்துப் போடுங்கள். தள்ளிப்போடுவது வேறு, கைவிடுவது வேறு.

பழைய படத்தை மறுபடி பகிர்வதில் அதிகம் கவனம் வேண்டும். இந்தூர் கார்ட்டூனிஸ்ட் ஹேமந்த் மாளவியா 2021-இல் வரைந்த படத்தை 2025-இல் வேறொருவர் சிவனைப் பற்றிய வாசகம் சேர்த்துப் போட்டார். அதை மாளவியா பகிர, 196, 299 உட்பட வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது, உச்ச நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலப் பாதுகாப்புத் தந்தது. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு மூன்று ஆண்டுதான் காலவரம்பு, ஆனால் புதிதாகப் பகிர்ந்தால் புதிய வெளியீடாகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் வாசகத்தோடு உங்கள் படத்தைப் பகிராதீர்கள். பின்னூட்டத்தில் யாராவது ஒரு சமூகத்தைத் திட்டினால் உடனே நீக்குங்கள். நீக்கும் முன் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு வேண்டும். செய்தி நறுக்கு, 10 ரூபாய் கட்டி வாங்கிய தகவல் உரிமைப் பதில், தேதியிட்ட முதல் வரைவு, நாமத்தைக் குறைத்து சாவிக்கொத்தைச் சேர்த்த இரண்டாவது வரைவு, ஆசிரியரோடு பேசிய செய்திகள். நோக்கம்தான் கேள்வி என்றால், நோக்கத்துக்கு இதுதான் சாட்சி. மூலக் கோப்பை அழிக்காமல் இன்னொரு இடத்திலும் வையுங்கள். மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். போனைப் பறிமுதல் செய்தால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது என்பதையும் மறக்க வேண்டாம்.

புகார் வந்தால்

முதலில் எண்ணைச் சரிபாருங்கள். குழப்பம் இங்கேயே தொடங்கும்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு இப்போது 528. கீழே வரும் 173(3), 35(3), 217 எல்லாம் இந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் எண்கள்தான்.

மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள புகாரில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் இந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28-இல் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதைக் கேட்டாலும் நடுங்கும் மனத்தை அளவுகோலாக வைக்காதீர்கள், உறுதியான மனம் படைத்தவரை வையுங்கள் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நிலையத்துக்குக் கூப்பிட்டால் இந்தத் தீர்ப்பின் நகலோடு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

நோட்டீஸ் வந்தால் 35(3) (கைது செய்யாமல் நேரில் வரச் சொல்வது) என்று இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதைச் சட்டப்படி கொடுத்த நோட்டீஸாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் வாங்கிய நோட்டீஸுக்குப் போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணம் ஆகிவிடும். கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். முன்ஜாமீனுக்கு சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டும் பாரிமுனையில் ஒரே வளாகத்தில்தான். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் அங்கேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க 196, 299 இரண்டுக்கும் அரசின் முன் அனுமதி தேவை (217). அனுமதி ஆணை இல்லாமல் குற்றப்பத்திரிகை வந்தால் அதை வைத்தே வழக்கை எதிர்க்கலாம். தமிழ்நாட்டில் நான் அதிகம் அஞ்சுவது குண்டர் சட்டத்தை. 1982-இன் இந்தச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். 2020-இல் கந்த சஷ்டி கவசம் பற்றிய யூடியூப் காணொளி விவகாரத்தில் இது பயன்படுத்தப்பட்டது. அந்தக் காணொளியின் தரத்தை யாரும் பாராட்ட வேண்டியதில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பேசியதற்காக ஒருவரைக் குண்டர் என்று அடைப்பது அதைவிடப் பெரிய கேடு.

கடைசியாக சமாதானக் கூட்டம். பெரும்பாலான தகராறுகள் நீதிமன்றம் வரை போகாமல் முடிவது இங்கேதான். இருபது பேர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவில் ஓர் அதிகாரி, மேசையில் வெள்ளைத் தாள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தன் நாவலுக்காக நாமக்கல்லில் இப்படித்தான் நிபந்தனையில்லாத மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கூட்டத்தின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், உசேன் வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர். கூட்டத்துக்குப் போகலாம், போவது நல்லதும்கூட. கோபத்தோடு வந்தவர்களில் உண்மையிலேயே காயப்பட்டவர்கள் இருப்பார்கள், அவர்கள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். படம் நிஜமாகவே தப்பான இடத்தில் விழுந்திருந்தால், உண்மை எதுவோ அதை உங்கள் வார்த்தையில் எழுதிக் கொடுங்கள்: 'இன்ன நிர்வாகியின் இன்ன செயலைப் பற்றியே வரைந்தேன். இன்ன சின்னம் உங்கள் எல்லோரையும் குறிப்பதுபோல் வந்துவிட்டது, அதற்கு வருந்துகிறேன். செயலைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.' 'மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் வரைந்தேன்' என்று அவர்கள் எழுதி நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 299-க்கு நிரூபிக்க வேண்டியது அந்த நோக்கம்தான், அதை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். நகல் ஒன்று வாங்கிக்கொண்டு, தேதி, நேரம், அங்கே இருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதிக் கோப்பில் சேருங்கள்.